சம்பூரணத்துக்குச் சர்க்கரை இல்லையாம்

ஜனவரி 18, வியாழன்

பேரிங் கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் கொடுக்கிற டைரி இது. இதுவரை ஒன்றில்கூட ஒரு வரி எழுதியதில்லை. இந்த வருடம் எழுதப் போகிறேன். நாளைக்கு ஏதாவது ஆகி, எவனாவது கையை விரித்தால், இந்தத் தேதியில் இப்படி நடந்தது என்று காட்ட ஆதாரம் வேண்டும்.

நடந்தது இது. என் மனைவி சம்பூரணத்துக்கு நான்கு வருடமாகச் சர்க்கரை. காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒன்று. கோபியில் மார்க்கெட் பக்கம் புதிதாகக் கிளினிக் வைத்திருக்கும் இளங்குமரன் என்ற டாக்டர் இன்று இரண்டையும் நிறுத்தச் சொல்லிவிட்டான். மூன்று மாதம் அரிசி கிடையாது. கொள்ளு சூப்பு, காய், முட்டை வெள்ளை, கொஞ்சம் மோர். வீட்டிலேயே தினம் விரலில் குத்திப் பார்க்க வேண்டும், வாரம் ஒருமுறை அவனிடம் காட்ட வேண்டும்.

"பதினஞ்சு கிலோ கொறஞ்சா மாத்திரை இல்லாமயே சர்க்கரை அடங்கறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்குதுங்ணா. ஈரல்லயும் கணையத்துலயும் சேர்ந்த கொழுப்புதான் வேலையக் கெடுக்குது. அக்காவுக்கு வந்து நாலு வருசந்தான் ஆகுது. இப்பவே செஞ்சா நல்லது."

"கேரண்டி கொடுப்பீங்களா?" என்று கேட்டேன்.

"மாட்டேனுங்ணா. எல்லாருக்கும் வர்றதில்ல."

முப்பது வருடமாக பம்ப்செட் ஸ்பேர் கடை நடத்துகிறேன். டூப்ளிகேட் பேரிங்கைக் கையில் சுற்றிப் பார்த்தே சொல்லிவிடுவேன். இந்த ஆளைச் சுற்றிப் பார்க்க வழியில்லை. என் அண்ணனுக்கு வைத்தியம் பார்த்தவன் கேரண்டி கொடுத்தான். இவன் கொடுக்க மாட்டேன் என்கிறான். இரண்டு பேரையும் நம்ப முடியவில்லை.

வரும் வழியில் சம்பூரணத்திடம், "என்னத்துக்கு உனக்கு இந்த வேலை?" என்றேன்.

"நாப்பத்தொம்போது வயசுல ரெண்டு மாத்திரை. எழுவது வயசுல எத்தனைன்னு யோசிச்சுப் பார்த்தேனுங்க," என்றாள்.

மிச்சமிருந்த மாத்திரை அட்டைகளைத் தூக்கிப் போடச் சொன்னாள். சரி என்றேன். கடை மேசை டிராயரில் இருக்கின்றன.

ஜனவரி 22, திங்கள்

எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து சூப்பைக் குடிக்கிறாள். முகத்தைச் சுளிக்கவில்லை. இதுதான் சந்தேகமாக இருக்கிறது. ஒரு வேளை சோறு தாமதமானால் எரிந்து விழுகிறவள். நான் கடைக்குப் போன பிறகு சாப்பிடுகிறாளோ?

வெல்ல டப்பாவைத் திறந்து பார்த்தேன். குறைந்தது போலவும் இருந்தது, குறையாதது போலவும் இருந்தது.

ஜனவரி 30, செவ்வாய்

காலையில் வெறும் வயிற்றில் 118. மாத்திரை சாப்பிட்ட காலத்தில்கூட 150-க்குக் கீழே நான் பார்த்ததில்லை. மெஷின் பழுது.

என் விரலில் குத்திப் பார்த்தேன். எனக்கு ஒழுங்காகத்தான் காட்டியது. அப்படியும் விடாமல், இவளைப் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஆய்வகத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே 121. அந்த ஆய்வகக்காரன் டாக்டருக்கு உறவாக இருக்கலாம். விசாரிக்க வேண்டும்.

பிப்ரவரி 11, ஞாயிறு

டாக்டர் மாதம் ஒரு ஞாயிறு, தன்னிடம் இந்தச் சாப்பாட்டுத் திட்டத்தில் இருக்கிறவர்களைக் கிளினிக் மாடியில் கூட்டிப் பேசுகிறானாம். இது சங்கிலி வியாபாரம் என்று எனக்கு அப்போதே பட்டது. கடைசியில் ஒரு மாவு டப்பாவைக் காட்டுவான், நீங்கள் நான்கு பேரைச் சேர்த்துவிடுங்கள் என்பான். கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று நானும் போனேன்.

பின்வரிசையில் உட்கார்ந்தேன். டப்பா எதுவும் வரவில்லை. பொரியலுக்கு எண்ணெய் எவ்வளவு, விசேஷ வீட்டில் எப்படித் தப்பிப்பது என்றுதான் பேசிக்கொண்டார்கள். ஒரு பெண், மாமியாருக்குத் தெரியாமல் இட்லியை நாய்க்குப் போட்ட கதையைச் சொன்னாள். சம்பூரணம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள்.

எதையும் விற்காமல் இவனுக்கு என்ன லாபம்? புரியவில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல, "மாத்திரை போட்டியா?" என்று தண்ணீர் டம்ளரோடு போய் நின்றுவிட்டேன். நான்கு வருடப் பழக்கம். "அதான் இல்லியே," என்றாள். தண்ணீரை நானே குடித்தேன்.

மார்ச் 3, ஞாயிறு

என் சித்தப்பா மகள் ராசம்மாள் வந்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஏனுங்கண்ணா, அண்ணி இப்படி உருகிப் போயிருக்குது? மேலுக்கு ஏதாச்சுங்களா?" என்றாள்.

சம்பூரணம் உள்ளேயிருந்து, "நானேதான் எளைச்சேன் ராசு. பத்து கிலோ," என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். ஜாக்கெட்டெல்லாம் பிடித்துத் தைத்திருக்கிறாள். தினம் விடிந்ததும் வாய்க்கால் கரையில் நடந்துவிட்டு வருகிறாள். முன்பு மாடிப்படி ஏறினால் பாதியில் நிற்பாள். இப்போது துணி காயப்போட ஒரே மூச்சில் ஏறுகிறாள்.

போகும்போது ராசம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "பெரியண்ணனும் மொதல்ல இப்படித்தான எளைச்சாரு. நாமெல்லாம் நல்லாருக்குதுன்னு சொன்னோம்."

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

இங்கே எழுதி வைக்கிறேன். என் அண்ணன் சென்னியப்பன் ஒரு மூலிகைக்காரனை நம்பி, சர்க்கரை போயே போய்விட்டது என்று மாத்திரைகளைக் குப்பையில் போட்டவர். அவரும் இளைத்தார். அவரும் சிரித்த முகமாகத்தான் இருந்தார். ஒரு வருடத்தில் கால் விரல் கறுத்தது, பிறகு முழங்கால் வரை எடுத்தார்கள். அதன் பிறகு எட்டு மாதம் இருந்தார். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்தது நான்.

மார்ச் 21, வியாழன்

நேற்று குன்னத்தூரில் கல்யாணம். சம்பூரணம் பந்தியில் உட்கார்ந்து ஒரு ஜிலேபி, கொஞ்சம் சோறு, பாயசம் சாப்பிட்டாள். இன்று காலை 148.

அவள் சாதாரணமாக, "கல்யாணத்துல கொஞ்சம் மிஞ்சிப் போச்சு. நாளைக்கு எறங்கிருமுங்க," என்றாள். டாக்டருக்குப் போன் போட்டேன். அவனும் அதையேதான் சொன்னான். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள். சொல்லி வைத்த மாதிரி.

அண்ணனுக்கும் முதலில் 148 தான் என்று நினைக்கிறேன். இல்லை, சரியாக ஞாபகம் இல்லை.

கடையில் டிராயரைத் திறந்து மூடினேன்.

மார்ச் 23, சனி

சாயங்காலம் நானே மோர் கலக்கினேன். இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்டு, நுரைக்க அடித்துக் கொடுத்தேன். சம்பூரணத்துக்கு ஆச்சரியம். "என்னுங்க புதுசா? கடையில ஏதாச்சும் நல்ல வியாபாரமா?"

குடித்துவிட்டு, "கொஞ்சம் கசக்குது," என்றாள்.

"கறிவேப்பிலை முத்தல்," என்றேன்.

மார்ச் 24, ஞாயிறு

காலையில் 94. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

மார்ச் 26, செவ்வாய்

இன்று 76. மெஷினை என் முகத்துக்கு நேராக நீட்டி, "பாருங்க. டாக்டர் சொன்னது நெசமா பொய்யா? சர்க்கரையே இல்லாதவங்களுக்குக்கூட இப்படி வராது," என்றாள். மகள் கௌசிகாவுக்கு ஓசூருக்குப் போன் போட்டு அதைச் சொன்னாள். கிளினிக் ஆட்களுக்கும் சொன்னாள். யாருக்கெல்லாமோ சொன்னாள்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்புத்தான் வந்தது. டாக்டர் பேர் வாங்கட்டும். இவள் காலோடு இருந்தால் போதும்.

சாயங்காலம் மோர் கொடுத்தேன். இரண்டு நாளாகக் களைப்பாக இருக்கிறது, வேர்க்கிறது என்றாள். வெயில் ஏறிவிட்டது என்றேன்.

மார்ச் 28, வியாழன்

வாய்க்கால் கரையில் விழுந்துவிட்டாள்.

பால்காரர் ஒருவர் பார்த்துத் தூக்கி, எனக்கு ஆள் அனுப்பினார். தண்ணீருக்கு இரண்டு முழம் தள்ளி விழுந்திருக்கிறாள். வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போகிறது. புடவையெல்லாம் வேர்வையில் நனைந்து, கண் திறந்திருந்தும் என்னை யாரென்று தெரியாமல் பார்த்தாளாம். பார்த்தாளாம் என்ன, பார்த்தாள். நான்தான் எதிரில் நின்றேன். "சம்பூரணம்" என்று கூப்பிட்டேன். "அப்பா எங்க போனாரு?" என்று என்னிடம் கேட்டாள். அவள் அப்பா செத்து இருபது வருடம்.

ஆஸ்பத்திரியில் சர்க்கரை 38 என்றார்கள். குளுக்கோஸ் ஏற்றியதும் கொஞ்சம் கொஞ்சமாக முகம் திரும்பியது. தகவல் தெரிந்து இளங்குமரன் ஓடி வந்தார். மறுபடி இறங்கலாம், ஒரு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

மார்ச் 29, வெள்ளி

அவர் சொன்னது போலவே நேற்று மத்தியானம் ஒரு முறை மறுபடி இறங்கியது. மறுபடி ஏற்றினார்கள். இன்று நன்றாகப் பேசுகிறாள்.

டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "மாத்திரை போடாத ஆளுக்கு இந்த அளவுக்கு எறங்காதுங்ணா. அக்கா பயத்துல பழைய மாத்திரை ஏதாச்சும் போட்டுக்கிட்டாங்களா? உங்களுக்கு ஏதாச்சும் தெரியுங்களா?"

"தெரியலீங்க," என்றேன்.

அவளிடம் போய்க் கேட்டார். அவள், "சத்தியமா இல்லீங்க டாக்டர். எனக்கென்ன பைத்தியமா?" என்றாள். அவர் நம்பிய மாதிரியும் இருந்தது, நம்பாத மாதிரியும் இருந்தது. பிறகு சொன்னார், அப்படியானால் கணையத்தில் சின்னக் கட்டி ஏதாவது இருந்து இன்சுலினைச் சுரக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அபூர்வம்தான், ஆனால் பார்க்காமல் விட முடியாது. கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை ஸ்கேன்.

சம்பூரணம் கட்டிலில் இருந்தே அதைக் கேட்டாள். போர்வை நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தாள்.

இனி மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை. மாத்திரையைப் பொடித்து மோரில் போட்டது நான். சனிக்கிழமை தொடங்கி ஐந்து நாள். அவளுடையது அரிசி இல்லாமல் காய்ந்து கிடக்கும் உடம்பு, அதில் இந்த மாத்திரை எப்படி வேலை செய்யும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதுகிறேன். முதல் நாளே டாக்டர் சொன்னார்: "இந்தச் சாப்பாட்டோட இந்த மாத்திரை ஆகாதுங்ணா. சர்க்கரையக் கண்டபடி எறக்கி விட்ரும்." நான்தான் அவர் சொன்ன எதையும் காதில் வாங்கக் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 1, திங்கள்

காலையில் கோயமுத்தூர் கிளம்பினோம். நானே கார் ஓட்டினேன். கௌசிகா ஓசூரிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வருவதாக ஏற்பாடு.

குன்னத்தூர் தாண்டினோம். பிறகு சம்பூரணம் ஜன்னல் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கட்டின்னா ஆபரேசன் வேண்டாமுங்க. உங்கண்ணன அறுத்தறுத்துப் பார்த்தாச்சு."

"பேசாம வா."

"நெசமாத்தான் சொல்றேன். பத்து கிலோ கொறஞ்சப்ப என்னமோ நானே சாதிச்சுட்டேன்னு ஆடுனேன். கட்டிதான் என்னைத் தின்னுருக்குதாட்ட இருக்குது. மேலுக்கு ஏதாச்சுங்களான்னு ராசு கேட்டது சரிதான்." சற்றுக் கழித்து, "கட்டின்னு கௌசிகிட்ட இப்பச் சொல்லிப்போடாதீங்க. புள்ள பயந்துக்கும்," என்றாள்.

அவிநாசிக்கு முன்னால் காரை ஓரம் கட்டினேன்.

"கட்டியெல்லாம் இல்ல சம்பூரணம்," என்றேன்.

"உங்களுக்கெப்படித் தெரியும்?"

சொன்னேன். மோர், மாத்திரை, டிராயர், எல்லாம். ஸ்டியரிங்கைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அவள் கதவைத் திறந்து இறங்கிப் போனாள். ரோட்டோரம் ஒரு புளியமரத்தடியில் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. நானும் இறங்கிப் போய்க் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

"கசக்குதுன்னு சொன்னேன்," என்றாள்.

"ஆமா."

"கறிவேப்பிலைன்னு சொன்னீங்க."

"ஆமா."

"வாய்க்காலுக்குள்ள விழுந்திருந்தா?"

அப்போதும் அவள் திரும்பவில்லை.

"டாக்டர் என்னையத் திருடியாட்டம் கேட்டாரு. நீங்க பக்கத்துல நின்னுட்டு இருந்தீங்க."

"அண்ணனுக்கு ஆன மாதிரி உனக்கும் ஆயிருமோன்னு..."

"தெரியுமுங்க," என்றாள். குரல் உயரவே இல்லை. "நீங்க பயந்தது எனக்குத் தெரியும். ஆனா அந்த எழுவத்தாறு வந்தப்ப நான் எத்தன பேருக்குப் போன் போட்டேன் தெரியுங்களா? ரெண்டு மாசம் வாயக் கட்டி நான் சம்பாரிச்சதுன்னு நெனச்சேன். அதுலயும் பொய்யக் கலந்துட்டீங்க. இப்ப எது என்னோடது, எது மாத்திரையோடதுன்னு எனக்கே தெரியல."

இதை நான் யோசித்ததே இல்லை.

"டாக்டருக்குப் போன் போடுங்க," என்றாள். "நீங்களே சொல்லுங்க. எனக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க."

போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துச் சொன்னேன். குறுக்கிடாமல் கடைசிவரை கேட்டார். பிறகு, "ஸ்கேன் இப்ப வேண்டாம். நேரா இங்க வாங்க. வீட்லயும் கடையிலயும் இருக்கற மாத்திரை மொத்தமும் என் மேசைக்கு வந்தாகணும்," என்றார். வைக்கும் முன், "பயமா இருந்தா எங்கிட்ட வந்து சண்டை போட்டிருக்கலாமே அண்ணா," என்றார்.

கௌசிகாவுக்கு அவளே போன் செய்து, ஸ்கேன் தேவையில்லையாம் கண்ணு, வர வேண்டாம் என்றாள். காரணம் சொல்லவில்லை. திரும்பும்போது பின் சீட்டில் உட்கார்ந்து வந்தாள்.

ஏப்ரல் 9, செவ்வாய்

தன் சூப்பைத் தானே வைத்து, மூடி போட்ட தூக்குப் பாத்திரத்தில் ஊற்றி, எங்கே போனாலும் கூடவே எடுத்துப் போகிறாள். குளிக்கப் போனாலும்கூட. நான் அடுப்படிக்குள் நுழைந்தால் வேலையை நிறுத்திவிட்டு என் கையைப் பார்க்கிறாள். எனக்குச் சாப்பாடு போடுகிறாள். பேச்சு அளவோடுதான்.

டாக்டர் புதிதாகக் கணக்குத் தொடங்கிவிட்டார். இன்றிலிருந்து மூன்று மாதம் எந்த மாத்திரையும் இல்லாமல் இருந்து, அப்போது எடுக்கும் பரிசோதனைதான் செல்லும்.

ஏப்ரல் 17, புதன்

மறுபடி நடக்கப் போகிறாள். தனியாக. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அவள் கிளம்பிய பிறகு நானும் கிளம்பினேன். அவளுக்குத் தெரியாதபடி நல்ல தூரம் விட்டு, பாக்கெட்டில் சர்க்கரைப் பொட்டலத்தோடு.

தினம் போவதென்று முடிவு.

மே 20, திங்கள்

பதினைந்து கிலோ குறைந்தாகிவிட்டது. டாக்டர் மத்தியானத்துக்கு ஒரு கரண்டி சோறு ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார். முதல் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். நான் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். நான் பார்த்தால் அவளுக்கு இறங்காது.

மே 21, செவ்வாய்

காலையில் 108. மெஷினை மேசைமேல் என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "இது நெசம்," என்றாள்.

ஜூலை 14, ஞாயிறு

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 5.8; நோய்க் கணக்கு ஆறரையில்தான் தொடங்குகிறதாம். மாத்திரை எதுவும் இல்லாமல்.

டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துச் சொன்னார்: "இதக் குணமாயிருச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். சர்க்கரை தணிஞ்சு நிக்குது. எடை ஏறுனா அதுவும் திரும்பி வந்துரும். வருசா வருசம் கண்ணு, கால், ரத்தம் எல்லாம் பார்க்கோணும்." நான் கேட்டேன், சந்தேகம் கேட்கிற மாதிரி இல்லாமல் கேட்டேன், எத்தனை வருடம் இப்படி நிற்கும் என்று. "தெரியாதுங்ணா," என்றார். தெரியாது என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்தது இதுதான் முதல் தடவை.

பிறகு மாடியில் கூட்டம். சம்பூரணத்தை முன்னால் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எதை விட்டாள், எதைச் சாப்பிட்டாள், எந்த வாரம் அழுகை வந்தது என்று சொன்னாள். வாய்க்கால் கரையில் விழுந்ததைச் சொல்லவில்லை. நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எழுந்து, "வீட்டுக்காரர் ஒத்தாசை எப்படீங்கக்கா?" என்று கேட்டாள்.

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். டாக்டர் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார்.

சம்பூரணம் கொஞ்சம் யோசித்தாள். "நெம்பப் பயந்துட்டாருங்க," என்றாள். "அதனால ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. உங்க சோத்த நீங்களே ஆக்குங்க, நீங்களே போட்டுக்கங்க. யாரு ஆசையாக் கொடுத்தாலும் என்னன்னு கேட்டுட்டுக் குடிங்க."

மாடியே சிரித்தது. சாப்பாட்டுக் கட்டுப்பாட்டைச் சொல்கிறாள் என்று நினைத்துக் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

கீழே இறங்கி வண்டியை எடுக்கும்போது, அவள் ஏறாமல் நின்றாள்.

"தெனமும் பின்னால வர்றது எனக்குத் தெரியுமுங்க."

நான் சாவியைப் பார்த்தேன்.

"மொத நாள்லருந்தே தெரியும். பின்னால வந்தா எனக்கு ஒரு மாதிரி இருக்குது. என்ன பண்றீங்களோன்னு திரும்பித் திரும்பிப் பார்க்கத் தோணுது. வர்றதுன்னா முன்னால நடங்க. என் கண்ணுக்குத் தெரியற மாதிரி."

"எத்தன நாளைக்கு?"

"தெரியாதுங்க," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

ஜூலை 15, திங்கள்

முன்னால் நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. செருப்புச் சத்தம் பின்னால் வந்துகொண்டே இருந்தது.